மோட்டாருக்குப் போட்ட முக்காடு

எப்சிபாவிடம் ஒரு பொருளை விற்றுவிட்டு நிம்மதியாக வீடு போய்ச் சேர்ந்த கடைக்காரர் சங்கரன்கோவிலில் அநேகமாக ஒருவரும் இல்லை. மிக்ஸி வாங்கினால் அடியில் இருக்கிற திருகாணிகளைக் கழற்றி உள்ளே காட்டச் சொல்வாள். குக்கர் வாங்கினால் இந்த ரப்பர் எத்தனை நாள் வரும், போனால் எங்கே கிடைக்கும் என்று கேட்பாள். பதில் சரியாக வராவிட்டால் பொருளை மேசையிலேயே வைத்துவிட்டுப் படியிறங்கிவிடுவாள். கோபமெல்லாம் கிடையாது. தெரியாத ஒன்றை வீட்டுக்குள் கூட்டி வர அவளுக்கு மனசு வராது, அவ்வளவுதான். அவள் கணவர் சாம்ராஜ் பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவர். அவளோடு கடைக்குப் போனால் வாசலிலேயே நின்றுகொள்வார். யாராவது கேட்டால், "உள்ள பரீட்சை நடக்கு, முடியட்டும்" என்பார்.

சொந்த ஊர் கரிவலம்வந்தநல்லூர். அப்பா ஞானதுரை தொடக்கப் பள்ளி வாத்தியார். மூன்று பெண்களையும் பாளையங்கோட்டை விடுதியில் விட்டுப் பன்னிரண்டாம் வகுப்பு வரை படிக்க வைத்த மனிதர், எப்சிபா எலெக்ட்ரிகல் டிப்ளமோ விண்ணப்பத்தை நிரப்பிக்கொண்டு வந்து நின்றபோது மட்டும் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிவிட்டார். "பொம்பளப் பிள்ள போயி கரண்டுல கைய வைக்கணுமா?" என்றார். அந்தத் தாள் அப்படியே போயிற்று. இருபத்தொன்றில் கல்யாணம். இருபத்துநாலில் ஒரு பாவுப் பட்டறையில் நூல் முடிகிற வேலைக்குச் சேர்ந்தாள்.

பாவு என்பது தறியில் நீளவாட்டில் ஓடுகிற நூல். நூல் சுற்றிய முன்னூறு நானூறு கோன்களை ஒரு பெரிய சட்டத்தில் மாட்டி, எல்லா நூலையும் ஒன்றுபோல் இழுத்து, ஆள் உயர டிரம்மில் வரிசையாகச் சுற்ற வேண்டும். டிரம்மைச் சுற்றுவது மூன்று ஹெச்பி மோட்டார் ஒன்று. நடுவில் ஒரு நூல் அறுந்தால் உடனே நிறுத்தி முடிச்சுப் போட வேண்டும். அப்படிப் பதினோரு வருஷம் முடிச்சுப் போட்டாள். பட்டறைக்காரர் மகனோடு இருக்கத் திருப்பூர் கிளம்பியபோது அந்தப் பழைய மெஷினை அவளே வாங்கினாள். வீட்டுக்குப் பின்னால் தகரக் கூரை போட்டாள். மெஷின் வந்து இறங்கிய அன்றே பேரிங் ஒவ்வொன்றையும் கழற்றித் துடைத்துப் பார்த்த பிறகுதான் ஓடவிட்டாள்.

இப்போது அவளுக்கு நாற்பத்தாறு வயசு. அவளிடம் நாலு பெண்கள் வேலை பார்க்கிறார்கள். அவர்களில் மூத்தவள் கோகிலா, முதல் நாளிலிருந்து கூட இருக்கிறவள். துண்டுக்கும் லுங்கிக்கும் போகிற தடித்த நூல் பாவுதான் பத்து வருஷமாக அவர்களுக்குச் சோறு போட்டது. இரண்டு வருஷமாக அந்த வேலை தேய்ந்துகொண்டே வந்தது. பெரிய மில்காரர்கள் பாவைச் சுற்றியே தறிக்கு அனுப்ப ஆரம்பித்துவிட்டார்கள். வாரத்தில் மூன்று நாள் மெஷின் சும்மா நின்றது. மற்ற மூன்று பெண்களும் பீடி சுற்றப் போகலாமா என்று பேசிக்கொள்வது எப்சிபா காதில் விழத்தான் செய்தது.

அந்த நேரத்தில்தான் புளியங்குடி மைதீன் பாட்சா வந்தார். முப்பது தறி வைத்துச் சேலை நெய்கிறவர். பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து மெஷினை மேலும் கீழும் பார்த்தார்.

"ஏம்மா, எனக்கு நூறாம் நம்பர் நூல் பாவு வேணும். முடி மாதிரி இருக்கும். ஒன் மெஷின் தாங்குமா?"

"ரெண்டு பாவு தாங்க பாய், ஓட்டிக் காட்டுதேன்."

"காட்டு. ரெண்டும் நல்லா வந்தா வருஷம் பூரா வேலை தாரேன். வரலன்னா கோயம்புத்தூர் பக்கம் போயிருவேன், பெறவு என்னைக் குத்தம் சொல்லக் கூடாது."

வருஷம் பூரா வேலை என்றதும் கோகிலா கையில் இருந்த கோனை நழுவவிட்டாள். எப்சிபா அன்றைக்கு ஒன்று முடிவு பண்ணினாள்: இந்த நாலு பேரில் ஒருத்தியும் பீடிக் கடை வாசலில் போய் நிற்கக் கூடாது.

ஆனால் அவ்வளவு மெல்லிய நூலுக்கு வேண்டிய பொறுமை மெஷினுக்கு இல்லை. சுவிட்சைப் போட்டதும் மோட்டார் ஒரே வெட்டில் முழு வேகத்துக்குப் பாயும். தடித்த நூல் அந்த வெட்டைத் தாங்கும். நூறாம் நம்பர் நூல் ஐம்பது அறுபது இழை ஒன்றாக அறுந்துபோகும். மெல்லக் கிளம்ப வேண்டும், மெல்லவே ஓட வேண்டும். அதற்கு மோட்டாரின் வேகத்தை நம் இஷ்டத்துக்குக் கூட்டிக் குறைக்கிற டிரைவ் என்ற பெட்டி இருக்கிறது. மூன்று கடை ஏறி இறங்கி, அதன் புத்தகத்தை அகராதி வைத்து முழுக்க வாசித்து, எப்சிபா ஒன்றை வாங்கி வந்து பழைய மோட்டாரோடு இணைத்தாள். குமிழைத் திருகியதும் டிரம் தேர் கிளம்புகிற மாதிரி அசைந்து அசைந்து சுற்றியது. ஒரு நூல்கூட அறவில்லை. கோகிலா கைதட்டினாள்.

ஐந்தாம் நாள் மோட்டார் எரிந்தது.

எரிந்த மோட்டாருக்கு உள்ளே இருக்கிற கம்பிச் சுருளை எடுத்துவிட்டுப் புதுசாகக் கட்ட வேண்டும். காயில் கட்டுவது என்பார்கள். அந்தப் பக்கத்தில் காயில் கட்டுகிறவன் இசக்கித்துரை. அவன் அப்பா காலத்திலிருந்தே அதே பட்டறை. அதிகம் பேசாதவன். மோட்டாரை ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு போகும்போது, வேலை நிற்கக் கூடாது என்று தன் ஸ்பேர் மோட்டார் ஒன்றை எப்சிபாவின் கூரைக்கடியில் இறக்கி வைத்துவிட்டுப் போனான். மூன்றாம் நாள் புதுக் காயிலோடு மோட்டார் வந்தது. அதை மாட்டி மைதீன் பாட்சாவின் முதல் பாவை ஓட்ட ஆரம்பித்தாள். பாவு பாதி டிரம்மில் ஏறியிருந்த நேரத்தில் கருகல் வாடை அடித்தது. திரும்பிப் பார்ப்பதற்குள் புகை.

ஸ்பேர் மோட்டாரை மாட்டி மிச்சத்தைச் சுற்றினார்கள். ஆனால் நடுவில் நின்று கிளம்பியதில் நூலின் இழுவை மாறிப்போயிற்று. அந்தப் பாவைத் தறியில் ஏற்றியபோது சேலை ஒரு பக்கம் தொங்கியது. மைதீன் பாட்சா போனில் சத்தம் போடவில்லை. "ஒண்ணு போச்சு. இன்னொண்ணு இருக்கு. இருபது நாள் தாரேன்" என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டார். சத்தம் போட்டிருந்தால்கூடத் தேவலையாக இருந்திருக்கும்.

எப்சிபாவுக்குத் தலைக்குமேல் வந்துவிட்டது. டிரைவ் பெட்டியில் ஆம்பியர் சரியாகத்தான் காட்டியது. மோட்டாருக்குப் பாரம் கூடவில்லை. முதல் தடவை எரிந்தது பழைய காயில், சரி. இது புதுக் காயில், மெல்லத்தான் ஓடியது, அப்படியிருந்தும் எரிகிறதென்றால் காயில் கட்டினவன் கோளாறுதானே? எரிந்த மோட்டாரைச் சாம்ராஜின் வேனில் ஏற்றிக்கொண்டு நேரே இசக்கித்துரையின் பட்டறைக்குப் போனாள். காலை பதினோரு மணி. டீ வந்திருந்த நேரம். பக்கத்துத் தறிக்காரர்கள், லேத் பட்டறை ஆட்கள் என்று பத்துப் பேர் நின்றார்கள்.

"செம்புன்னு சொல்லி அலுமினியத்தைச் சுத்துதியா தம்பி? ஒன்னை நம்பி ஒரு பாவே போச்சு!"

இசக்கித்துரை டீ கிளாஸைக் கீழே வைத்தான். "செம்புதான் அக்கா. வேணும்னா அறுத்துப் பாருங்க" என்றான். பிறகு அவள் கொடுத்த கூலியை எடுத்து அவள் கையிலேயே திருப்பிக் கொடுத்தான். அது அவளுக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது. மோட்டாரை மறுபடி வேனில் ஏற்றிக்கொண்டு வந்து பட்டறை மூலையில் தார்ப்பாய்க்கு அடியில் தள்ளினாள். எல்லாவற்றையும் கழற்றிப் பார்க்கிற எப்சிபா, அன்றைக்கு அதை மட்டும் அறுத்துப் பார்க்கவில்லை.

பிறகு யோசனை சொல்ல ஆட்கள் வந்தார்கள். இலவசமாகக் கிடைப்பதில் யோசனைக்கு மட்டும் நம் ஊரில் பஞ்சமே கிடையாது. ஒருத்தர் ஐந்து ஹெச்பி போடச் சொன்னார். மூன்று ஹெச்பி எரிந்தால் ஐந்து, ஐந்து எரிந்தால் ஏழரை, இதுதான் நெடுங்காலமாக நடக்கிற வைத்தியம். இன்னொருத்தர் டிசி மோட்டார் போடச் சொன்னார். அதில் வேகத்தை எவ்வளவு வேண்டுமானாலும் குறைக்கலாமாம். சாம்ராஜ் ரொம்பத் தயங்கி, "அந்தப் பொட்டிய எடுத்துட்டு பழையபடியே ஓட்டிருவோமா எப்சி? இந்த எலக்ட்ரானிக்கு நம்ம ஊருத் தூசிக்கு ஒத்துக்காதுன்னு சொல்லுதாவ" என்றார்.

"யாரு சொல்லுதாவ? பேரைச் சொல்லுங்க."

சாம்ராஜுக்கு வேனுக்குக் காற்று அடிக்க வேண்டியது நினைவுக்கு வந்துவிட்டது.

எப்சிபா அடுத்த நாள் காலை மெஷினுக்குப் பக்கத்தில் முக்காலியைப் போட்டு உட்கார்ந்தாள். கையில் ஒரு நாற்பது பக்க நோட்டு. இசக்கித்துரையின் ஸ்பேர் மோட்டார் இன்னும் அங்கேதான் ஓடிக்கொண்டிருந்தது. கோபத்தில் திருப்பிக் கொடுக்க மறந்திருந்தாள், அவனும் கேட்கவில்லை. பழைய தடித்த நூலை மாட்டிக் கோகிலாவை முழு வேகத்தில் ஓட்டச் சொன்னாள். அரை மணிக்கு ஒரு தடவை மோட்டார் மேல் உள்ளங்கையை வைத்து எண்ணினாள். இருபது எண்ணுகிற வரை கை பொறுத்தது. பிறகு குமிழைத் திருகி வேகத்தை ஐந்தில் ஒரு பங்காகக் குறைத்தாள். அதே நூல், அதே பாரம். ஒரு மணி நேரத்தில் நாலு எண்ணுவதற்குள் கையை உதறிக்கொண்டு எடுத்தாள்.

"மெல்ல ஓடுனா சூடு கொறையத்தான செய்யணும் அக்கா?" என்றாள் கோகிலா.

"அதான் நானும் இத்தனை நாளா நினைச்சது."

மோட்டாரின் பின்பக்கத்தில் ஒரு மூடி உண்டு. அதற்குள் மோட்டாரின் அச்சிலேயே மாட்டிய சின்ன ஃபேன் சுற்றி, காற்றை உறிஞ்சி உடம்பெல்லாம் அடித்துக் குளிரவைக்கும். பாவுப் பட்டறையில் பஞ்சுத்தூசி பறந்துகொண்டே இருக்கும். அது உள்ளே போய் அடைத்துக்கொள்ளும் என்று அந்தத் தெருப் பட்டறைக்காரர்கள் எல்லாரும் மூடிக்குமேல் பழைய சேலைத் துணியைக் கட்டி வைப்பார்கள். மோட்டாருக்கு முக்காடு போடுவது என்று அதற்குப் பேர். எப்சிபா இதிலும் மற்றவர்களைவிட ஒரு படி மேல். சனிக்கிழமைதோறும் முக்காட்டை அவிழ்த்துத் துவைத்துக் காயவைத்து, இரண்டு மடிப்பாக இறுக்கிக் கட்டுவாள். ஸ்பேர் மோட்டாருக்கும் கட்டியிருந்தாள்.

அவள் பார்வை அந்தத் துணியில் நின்றது. முழு வேகத்தில் ஓடும்போது பறக்கிற பஞ்சு அதில் போய் வெள்ளையாக ஒட்டிக்கொண்டிருந்தது. வேகம் குறைந்த பிறகு ஒட்டவில்லை. முன்னே ஒட்டியிருந்ததுகூட ஒவ்வொன்றாகக் கழன்று தரையில் விழுந்தது. எப்சிபா ஒரு நூலைப் பிய்த்துத் துணிக்கு முன்னால் பிடித்தாள். நூல் செங்குத்தாகத் தொங்கியது. கோகிலாவிடம் வேகத்தைக் கூட்டச் சொன்னாள். நூல் மெல்லச் சாய்ந்து துணியில் போய் ஒட்டியது. குறைக்கச் சொன்னாள், மறுபடி தொங்கியது.

அவளுக்கு விளங்கிவிட்டது. மோட்டார் மெல்லச் சுற்றினால் அதன் ஃபேனும் மெல்லத்தானே சுற்றும்? பாரம் அதே பாரம், காற்று மட்டும் ஐந்தில் ஒரு பங்குகூட இல்லை. அந்தக் கொஞ்சக் காற்றையும் இரண்டு மடிப்புச் சேலையால் அவளே கட்டி நிறுத்தியிருக்கிறாள். முழு வேகத்தில் ஓடின காலத்தில் முக்காடு தாங்கியது. மெல்ல ஓட்ட ஆரம்பித்ததும் கொன்றுவிட்டது.

துணியை அவிழ்த்துவிட்டு ஓட்டினாள். கொஞ்சம் தேவலை, ஏழு எண்ணும் வரை கை பொறுத்தது. வீட்டுக்குள் போய் டேபிள் ஃபேனைத் தூக்கி வந்து மோட்டாருக்குப் பின்னால் வைத்தாள். ஒரு மணி நேரம் கழித்துக் கையை வைத்தால் இருபத்தைந்து எண்ணின பிறகும் எடுக்கத் தோன்றவில்லை. நாலு பெண்களும் வரிசையில் வந்து கைவைத்துப் பார்த்தார்கள்.

எல்லாரும் சாப்பிடப் போன பிறகு எப்சிபா மூலையில் இருந்த தார்ப்பாயை விலக்கினாள். எரிந்த மோட்டாரின் மூடியைக் கழற்றி, கருகிய சுருளில் ஒரு கம்பியை வெட்டி, பிளேடால் கரியைச் சுரண்டினாள். சிவப்பாக மின்னியது. செம்புதான். கட்டும் நல்ல கட்டு. ஒவ்வொரு சுற்றும் பிள்ளைக்குத் தலை பின்னிவிட்ட மாதிரி வரிசையாக இருந்தது. பத்துப் பேர் முன்னால் அவள் கேட்ட கேள்வி காதில் மறுபடி ஒலித்தது. அப்போதே எழுந்து போயிருக்க வேண்டும். 'பாவு முடியட்டும், கையில ஒரு காரியத்தோட போவோம்' என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டு தார்ப்பாயை இழுத்து மூடினாள். எதற்கும் பின்வாங்காத பெண்பிள்ளை அந்த ஒன்றை மட்டும் தள்ளிப்போட்டாள்.

மறுநாள் திருநெல்வேலி பஸ் ஏறினாள். சாம்ராஜும் கூட வந்தார். மோட்டார் கடைக்காரர் சாம்ராஜைப் பார்த்து, "சொல்லுங்க சார், எத்தனை ஹெச்பி?" என்றார். சாம்ராஜ் விரலை மனைவி பக்கம் நீட்டிவிட்டு வாசலுக்குப் போய்விட்டார்.

எப்சிபா நோட்டைத் திறந்தாள். "முதல்ல ஹெச்பி வேண்டாம் அண்ணாச்சி. நான் சொல்லுததைக் கேளுங்க. என் டிரம் மெல்ல ஓடணும், முழு வேகத்துல ஐஞ்சுல ஒரு பங்கு. அப்படியே எட்டு மணி நேரம் ஓடணும். அந்த மெதுவுலயும் இழுவை கொறையக் கூடாது. நூல் அறுந்தா அரைச் சுத்துக்குள்ள நிக்கணும், இல்லன்னா அறுந்த முனை டிரம்முக்குள்ள புதைஞ்சிரும். பட்டறை பூரா பஞ்சு. இதுக்கு எந்த மோட்டார்?"

"அஞ்சு ஹெச்பி எடுத்துட்டுப் போங்கம்மா. ஒண்ணும் ஆகாது."

"அஞ்சு ஹெச்பிலயும் ஃபேன் மோட்டார் அச்சுலதான இருக்கு?"

"ஆமா."

"அப்போ அதுவும் மெல்லத்தான சுத்தும். மூணு எரியுததுக்குப் பதிலா அஞ்சு எரியும். வேற சொல்லுங்க."

கடைக்காரர் டிசி மோட்டார் விலைத்தாளை எடுத்தார். அதில் கார்பன் உரசி ஓடும்போது பொறி பறக்குமா என்று கேட்டாள். கொஞ்சம் பறக்கும் என்றார். "பஞ்சுக்கு நடுவுல பொறியா? நாலு பொம்பளைங்க உள்ள நிக்காங்க" என்று தாளைத் திருப்பி அவர் பக்கமே தள்ளினாள்.

கடைக்காரருக்கு அப்போதுதான் கொஞ்சம் மரியாதை வந்தது. உள்ளே போய் ஒரு தடித்த புத்தகத்தை எடுத்து வந்தார். டிரைவோடு ஓட்டுவதற்கென்றே வருகிற மோட்டார். பின்னால் குளிரவைக்கிற ஃபேனுக்குத் தனியாக ஒரு குட்டி மோட்டார், தனி ஒயர். பெரிய மோட்டார் தவழ்ந்தாலும், நின்றே போனாலும், ஃபேன் தன் வேகத்தில் சுற்றிக்கொண்டே இருக்கும். பிரேக்கும் சேர்ந்தே வரும். மூன்று ஹெச்பியே போதும். ஸ்டாக் இல்லை, ஆர்டர் போட்டால் எட்டு நாள் ஆகும் என்றார்.

"ஃபேனுக்கு முன்னால பஞ்சு அடைச்சா?"

"அடைக்கத்தான் செய்யும்."

"சரி, அதை நான் பாத்துக்கிடுதேன்" என்று நோட்டில் எழுதிக்கொண்டாள். கடைசியாக அச்சின் தடிமனைக் கேட்டு, தன் மெஷினின் புல்லிச் சக்கரத்துக்குச் சேருமா என்று நூல் வைத்து அளந்து கொண்டுவந்ததோடு ஒப்பிட்டாள். சேர்ந்தது. "போடுங்க ஆர்டர்" என்றாள். வாசலில் சாம்ராஜ், "பாஸா, பெயிலா?" என்று கேட்டார். "நம்ம கடைக்காரர் பாஸு" என்றாள். அந்த வாரத்தில் அவள் சிரித்தது அப்போதுதான்.

மோட்டார் ஒன்பதாம் நாள் வந்தது. அதற்குள் அவள் ஃபேனுக்கு முன்னால் வைக்க மெல்லிய கம்பிவலையில் ஒரு கூண்டு செய்து வைத்திருந்தாள். கூண்டு பெரிது, ஒரு பக்கம் அடைத்தாலும் மறுபக்கம் காற்று போகும். மணிக்கு ஒரு தடவை பிரஷால் துடைக்க வேண்டும் என்று நாலு பேருக்கும் முறை வைத்தாள். மெஷினுக்குப் பக்கத்தில் ஒரு துணிகூட இருக்கக் கூடாது என்பது புதுச் சட்டம். கோகிலா வியர்வை துடைக்கிற துண்டைக்கூட வெளியே ஆணியில் மாட்டிவிட்டு வந்தாள்.

இரண்டாவது பாவு இரண்டு நாள் ஓடியது. டிரம் அதன் பாட்டுக்கு மெல்லச் சுற்ற, ஃபேன் மட்டும் விடாமல் இரைந்துகொண்டே இருந்தது. நூல் அறும்போது டிரம் கால் சுற்றில் நின்றது. கோகிலா முனையைப் பிடித்து முடிந்து கையைத் தூக்குவாள், எப்சிபா குமிழைத் திருகுவாள். இரண்டு நாளும் எப்சிபா உட்காரவில்லை. மூன்றாம் நாள் காலை மைதீன் பாட்சா தானே வந்தார். கண்ணாடியை ஏற்றிவிட்டுப் பாவின் மேல் விரலை ஓட்டிக்கொண்டே ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை நடந்தார்.

"எத்தனை அறுவு?"

"பூராப் பாவுக்கும் பதினொண்ணு பாய்" என்றாள் கோகிலா.

அவர் மறுபடி ஒரு தடவை நடந்தார். பிறகு நாற்காலியில் உட்கார்ந்து டீயை வாங்கிக்கொண்டார். "கோயம்புத்தூர்லயும் இதைவிட நல்லா வராது. சொன்ன சொல்லு சொன்னதுதான். வருஷம் பூரா நூல் வரும்."

மூன்று பெண்கள் ஒருத்தி கையை ஒருத்தி பிடித்துக்கொண்டார்கள். எப்சிபாவுக்குக் கண் கலங்கியது.

"ஒரு காரியம் நல்லாச் செஞ்ச" என்றார் மைதீன் பாட்சா. "அந்த இசக்கித்துரையை ஒதுக்கிட்டுப் புதுசு வாங்குனியே, அதான் புத்தி. அலுமினியம் சுத்துதான்னு நீ பட்டறையில வச்சே கேட்டியாம்ல? புளியங்குடி வரைக்கும் பேச்சு. நானும் எங்க மேஸ்திரிகிட்ட சொல்லிட்டேன், இனிமே நம்ம முப்பது தறியில ஒரு மோட்டார்கூட அவன்கிட்டப் போகக் கூடாதுன்னு. ஒங்க தெருவுலயே ரெண்டு பேரு ராஜபாளையம் கொண்டு போறாங்களாமே."

எப்சிபாவுக்கு அது தெரியாது. கையில் இருந்த டம்ளரைக் கீழே வைத்தாள். கோகிலாவுக்கு அவளைத் தெரியும். மைதீன் பாட்சாவுக்குப் பின்னால் நின்று, பேசாதே என்று கண்ணாலேயே கெஞ்சினாள். பேசாமல் இருந்தால் ஒருவருக்கும் ஒன்றும் தெரியப்போவதில்லை. நூல் வண்டி வரும், நாலு அடுப்பு எரியும். எப்சிபா கோகிலாவைப் பார்த்தாள், பிறகு பார்வையை எடுத்துக்கொண்டாள்.

"பாய், அந்தக் காயிலு நல்ல காயிலு. நான் அறுத்துப் பாத்தேன். சுத்தமான செம்பு. மோட்டாரை எரிச்சது நான்தான்."

"என்னம்மா சொல்லுத?"

சொன்னாள். முக்காட்டை, மெல்லச் சுற்றின ஃபேனை, துணியில் ஒட்டாமல் விழுந்த பஞ்சை, ஒன்றையும் விடாமல் சொன்னாள். மைதீன் பாட்சாவின் டீ ஆறிப்போயிற்று.

"அப்போ என் மொதப் பாவைக் கெடுத்தது நீதானா?"

"ஆமா பாய்."

"நீ சொல்லாட்டா எனக்குத் தெரிஞ்சிருக்காதே."

"தெரிஞ்சிருக்காது. ஆனா அவனுக்கு முப்பது தறி போயிருக்கும்."

அவர் எழுந்தார். முகம் இறுகியிருந்தது. "வருஷம்னு சொன்னதை வாபஸ் வாங்குதேன். தப்பு நடந்தா முதல்ல அடுத்தவனைப் பிடிக்குத ஆளுகிட்ட வருஷத்துக்கு நூல் தர முடியாது. மூணு மாசம் பாக்கேன். அதுக்கப்புறம் பேசுவோம்." வாசல் வரைக்கும் போனவர் திரும்பினார். "எங்க மோட்டாருக்கெல்லாம் முக்காடுதான் கிடக்கு. அவிழ்க்கச் சொல்லுதேன்" என்றுவிட்டுக் காரில் ஏறினார்.

கோகிலா அழுதுவிட்டாள். "ஒரு வருஷ வேலைய இப்படி வாயால மூணு மாசமாக்கிட்டீங்களே அக்கா!"

"என் வாயாலதான் அவன் பொழைப்பு போச்சு மக்கா" என்றாள் எப்சிபா. "மூணு மாசமும் பதினொரு அறுவுக்கு மேல வரக் கூடாது. வராது. நீ பிரஷை எடு, கூண்டைத் துடை." பிறகு இசக்கித்துரையின் ஸ்பேர் மோட்டாரை ஈரத்துணியால் துடைத்து, ஆட்டோவைக் கூப்பிட்டு ஏற்றினாள். மணி பத்தரை. சாம்ராஜ் சாயங்காலமாகப் போகலாமே, கூட்டம் இருக்காதே என்றார்.

"கூட்டம் இருக்கும்போதுதான் கேட்டேன்" என்றாள்.

பட்டறைக்குப் போய் இறங்கும்போது பதினோரு மணி டீ வந்திருந்தது. அதே லேத் ஆட்கள், அதே தறிக்காரர்கள். அவளைப் பார்த்ததும் பேச்சு நின்றது. இசக்கித்துரை தரையில் உட்கார்ந்து, அப்போதுதான் கட்டி முடித்த ஒரு மோட்டாரை ஓடவிட்டுச் சோதித்துக்கொண்டிருந்தான். பக்கத்தில் வேறு மோட்டார் எதுவும் இல்லை. போன தடவை அவள் வந்தபோது கட்ட வேண்டியவை சுவரோரம் ஏழெட்டு வரிசையாக நின்றன.

எப்சிபா நடுவில் போய் நின்றாள். "தம்பி, நீ கட்டினது செம்புதான். நல்ல கட்டு. துணியப் போட்டு மூடி எரிச்சது நான். அன்னைக்கு நான் சொன்னது அத்தனையும் தப்பு" என்றாள். ஓடுகிற மோட்டாரின் இரைச்சலில் அதில் பாதி அமுங்கிப்போயிற்று.

இசக்கித்துரை நிமிர்ந்து பார்த்தான். கையை நீட்டி மோட்டாரின் சுவிட்சை அணைத்தான். அது சுற்றிச் சுற்றி மெல்ல அடங்கி நிற்கிற வரைக்கும் பட்டறையில் ஒருவரும் அசையவில்லை.

"இப்பச் சொல்லுங்க அக்கா" என்றான்.

எப்சிபா முதலிலிருந்து சொன்னாள்.